கீசர் ஜாயிண்ட் உருகிவிட்டது, எம்.சி.பி. விழவே இல்லை. எந்த கனெக்டர் போடலாம்?

கீரைக்கட்டு | ஞாயிறு, காலை 9.40

கோவையில் சொந்த வீடு, கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது. மூன்று வாரமாகக் காலை நேரத்தில் குளியலறைப் பக்கம் மீன் வாடை அடித்தது. எதிர்வீட்டில் மீன் கழுவுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டே இருந்தேன். புரட்டாசி பிறந்தும் வாடை நிற்கவில்லை. அவர்கள் வீட்டில் புரட்டாசியில் முட்டைகூடக் கிடையாது. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

நேற்று நான்கு பேர் வரிசையாகக் குளித்த பிறகு கீசர் சுவிட்சின் விளக்கு மினுக்கியது. பரணில் ஏறிப் பார்த்தால், கீசர் வயரை நீட்டிப்பதற்காகப் போட்டிருந்த வெள்ளை ஸ்ட்ரிப் கனெக்டர் பழுப்பாகி, ஒரு பக்கம் மெழுகு மாதிரி ஒழுகியிருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் நான்கு விரல் நீளத்துக்கு வயரின் மேலுறை விறைத்துப்போய், தொட்டால் உடைகிறது.

முன்பு 15 லிட்டர், 2000 வாட் கீசர் இருந்தது. ஆவணியில் அதை எடுத்துவிட்டு 3 லிட்டர், 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் மாட்டினோம். இடம் எதிர்ச் சுவருக்கு மாறியதால் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஒட்டுப் போட்டார்கள். வீட்டு மெயின் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பாக்ஸில் இதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) தனியாக இருக்கிறது. வீடு முழுமைக்கும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழுவது) உண்டு. இரண்டுமே விழவில்லை! பார்க்க வந்தவர், "முறுக்கி டேப் சுத்திட்டாப் போதும்க்கா" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு என்ன போடலாம்?

சும்மா வந்தவன் | ஞாயிறு, காலை 10.05

20-ஐ எடுத்துவிட்டு 10 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் விழுமே?

கிளாம்ப்மீட்டர் | ஞாயிறு, காலை 11.20

விழலாம். நல்ல ஜாயிண்ட் இருந்தாலும், சோப்புப் போட்டு முடிக்கும்போது விழலாம். ஆனால் ஜாயிண்ட் கெட்டுப்போனதற்காக விழாது. நான் பேனல் போர்டு செய்யும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும்.

3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். நல்ல ஜாயிண்ட் என்றால் அதன் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தளர்ந்துபோன ஜாயிண்ட்டில் ஓமில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 13 பெருக்கல் 13 பெருக்கல் 0.1, கிட்டத்தட்ட 17 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதில் பாதிக்கு மேல், பட்டாணி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள்ளே எரிகிறது.

பழைய 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர்தான் இழுத்திருக்கும். அதே ஜாயிண்ட்டில் 7.5 வாட். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்காகிறது. ஆவணியில் மாட்டியது புரட்டாசியிலேயே பல்லைக் காட்டியதற்கு அதுதான் கணக்கு.

எம்.சி.பி.க்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். கெட்ட ஜாயிண்ட் கூடுதல் தடை. தடை கூடினால் மின்னோட்டம் ஒரு மயிரிழை குறையும். அதாவது உள்ளே உருகிக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி. வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பார்க்கிறது. அப்புறம் 20 ஆம்பியர் எம்.சி.பி. 20.1 ஆனதும் விழும் என்று நினைக்காதீர்கள். 29 ஆம்பியர் போனாலும் விழ ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தரநிலையே சொல்கிறது. ஆர்.சி.சி.பி. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். இங்கே எதுவும் எர்த்துக்குக் கசியவில்லை. எனவே அதுவும் பேசாமல் இருந்தது.

மீன் வாடையை இனி யாரும் விட்டுவிடாதீர்கள். சூடேறும் சில பிளாஸ்டிக்குகளுக்கு அதே வாடைதான்.

ஓய்வுபெற்ற ஃபியூஸ் | ஞாயிறு, மதியம் 12.50

கணக்கெல்லாம் சரி தம்பி. ஆனால் "முறுக்கி டேப்" என்றதும் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், அதற்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் 1981-ல் வயர்மேன் லைசென்ஸ் எடுத்தவன். மர பேட்டனில் கிளிப் அடித்து வயர் ஓட்டிய காலம். 3/20, 7/20 என்று வயர் வரும். 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று இழை. ஒவ்வொரு இழையும் சுமார் 0.9 மில்லிமீட்டர், கட்டிங் பிளேயரில் பிடித்துத் திருகினால் கயிறு மாதிரி இறுகும். அதன்மேல் ஈயம் உருக்கி விட்டு, ஆறியதும் டேப் சுற்றுவோம். அந்த ஜாயிண்ட் சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது.

இப்போது வருகிற பையன்கள் மூன்று திருகு திருகி, மீதியை டேப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். டேப்புக்குப் பிடிமானம் கிடையாது. அது கை படாமல் மறைக்கிற துணி, அவ்வளவுதான். வெயில் காலத்தில் பரண் சூட்டில் பசை இளகி வழுக்கும்.

அம்மணிக்கு என் பதில் வேறு. கனெக்டரே வேண்டாம். டி.பி. பாக்ஸிலிருந்து கீசர் வரைக்கும் ஒரே வயராக இழுங்கள், 4 ஸ்கொயரில். கீசர், ஏசி, மோட்டார், இந்த மூன்றுக்கும் நடுவழியில் ஒட்டுப் போட்டால் என் குரு முதுகில் அடிப்பார். ஒட்டு இருந்தால் அது சுவிட்ச் போர்டுக்குள்ளோ ஜங்ஷன் பாக்ஸிலோ, மூடியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பைப்புக்குள்ளே ஒட்டைத் தள்ளிவிட்டு மேலே சிமெண்ட் பூசுகிறவன் வயர்மேனே இல்லை.

கிளாம்ப்மீட்டர் | ஞாயிறு, மதியம் 1.30

ஐயா சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஜாயிண்ட்டைத் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது வயரிங் விதிகளின் அடிப்படைகளில் ஒன்று. நம் நாட்டுக்கு ஐ.எஸ். 732 இருக்கிறது, கடைசியாக 2019-ல் திருத்தினார்கள்.

முறுக்கு விஷயத்தில் ஒரு திருத்தம். ஐயா திருகிய 3/20 வேறு, இன்றைய 2.5 ஸ்கொயர் வேறு. இதில் 0.3 மில்லிமீட்டர் இழை 36 இருக்கும், தலைமுடிபோல. திருகினால் இறுகின மாதிரி தெரியும், பிடித்து இழுத்தால் நழுவும். ஸ்ட்ரிப் கனெக்டரில் போட்டால் திருகாணியின் முனை மேலே உள்ள இழைகளை நறுக்கிவிடும், மீதி பக்கவாட்டில் ஒதுங்கும். 36-ல் இருபது பிடித்திருந்தால் அதிர்ஷ்டம். கீரைக்கட்டு, உங்கள் கனெக்டரைத் திறந்தால் அறுந்த இழைகள் கிடைக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

பலரும் செய்கிற இன்னொரு தவறு: இழை சிதறாமலிருக்க நுனியில் ஈயம் பூசி, அப்புறம் திருகாணியில் முடுக்குவது. ஐயா சொன்ன ஈய ஜாயிண்ட்டில் திருகாணி இல்லை, அது வேறு சங்கதி. திருகாணிக்கு அடியில் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கும். இன்று முடுக்கியது ஆறு மாதத்தில் தளர்ந்திருக்கும். இழை வயரைத் திருகாணியில் மாட்ட வேண்டுமென்றால் பின் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோகக் குழல்) போட்டு கிரிம்பிங் டூலால் அழுத்திவிட்டு மாட்டுங்கள். டூல் என்றால் டூல்தான். பிளேயரால் நசுக்கியதை நான் லக் என்று சொல்வதில்லை.

ஹார்ட்வேர் அண்ணாச்சி | ஞாயிறு, மாலை 4.15

கடையில் நிற்கிறவன் பார்வையில் சொல்கிறேன். கனெக்டர் கேட்டு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் "இருக்கிறதிலேயே சின்னதா ஒண்ணு குடுங்க" என்பார்கள். எதுக்கு, எத்தனை ஸ்கொயர் வயர் என்று கேட்டால் கோபம் வரும்.

வெள்ளை ஸ்ட்ரிப் பன்னிரண்டு கண்ணாக வரும், வேண்டியதைக் கத்தியால் நறுக்கித் தருவோம். ஆம்பியர் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். உள்ளே இருப்பது பித்தளையா, பித்தளை முலாம் பூசிய இரும்பா என்று ஒரு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என் கடையாக இருந்தாலும். ஆனால் திருகாணி மட்டும் இரும்பாக இருக்கலாம், நடு உருளையைத்தான் பார்க்க வேண்டும். பீங்கான் கனெக்டர் சூடு தாங்கும், உருகாது. ஆனால் அதிகமாக முடுக்கினால் விரிசல் விடும். அதிலும் வயரைப் பிடிப்பது அதே திருகாணிதான்.

இப்போது லீவர் கனெக்டர் நிறையப் போகிறது. ஆரஞ்சு நிறத்தில் காது மாதிரி நெம்பு இருக்கும். தூக்கி, வயரை விட்டு, மடக்கினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். இதில் பெயர் எடுத்தது ஜெர்மனியின் வாகோ, 1951-ல் மிண்டன் என்ற ஊரில் தொடங்கினார்கள். அவர்களுடைய 221 வரிசையில் பரவலாகக் கிடைக்கிற அளவு 4 ஸ்கொயர் வரைக்கும், 32 ஆம்பியர். 6 ஸ்கொயருக்குப் பெரிய அளவு தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கேதான் ஒரு குழப்பம். நெம்பு இல்லாமல் நேராகக் குத்துகிற வகையும் பக்கத்திலேயே தொங்கும், விலையும் குறைவு. அது ஒற்றைக் கம்பி வயருக்கு. நம் ஊரில் வீட்டு வயரெல்லாம் மெல்லிய இழை. அதை அந்தக் குத்துத் துளையில் திணிப்பது நனைந்த திரியை ஊசியில் கோர்க்கிற கதைதான். பாதி இழை வெளியே மடங்கி நிற்கும். இழை வயர் என்றால் நெம்பு வகைதான், யோசிக்கவே வேண்டாம்.

நகல் பொருளும் வந்துவிட்டது. மேலே 32 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், நெம்பு லொடலொடவென்று ஆடும், வயரை மாட்டி இழுத்தால் கையோடு வரும். ஒன்றின் விலை ஒரு டீ வடைக்குக் கீழே என்றால் நான் வாங்கி வைப்பதில்லை.

சும்மா வந்தவன் | ஞாயிறு, மாலை 5.00

அண்ணாச்சி, ஒரு துளையில் இரண்டு வயர் விடலாமா? விட்டிருக்கிறேன். சும்மா கேட்கிறேன்.

ஹார்ட்வேர் அண்ணாச்சி | ஞாயிறு, மாலை 5.10

சும்மா போய் இன்றைக்கே கழற்று தம்பி. ஒரு துளைக்கு ஒரு வயர். மூன்று துளை, ஐந்து துளை எல்லாம் வருவது எதற்கு? மேலுறையை 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும், அளவு பார்க்க உடம்பிலேயே கோடு இருக்கும். குறைந்தால் ஸ்பிரிங் மேலுறையைக் கடிக்கும், கூடினால் செம்பு வெளியே தெரியும். கண்ணாடி மாதிரி உடம்பு, எட்டிப் பார்த்தாலே நுனி கடைசி வரை போயிருக்கிறதா என்று தெரியும். மடக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் ஒரு இழு இழுத்துப் பார்.

ரொறன்ரோ பனி | ஞாயிறு, இரவு 9.25

யாழ்ப்பாணத்தில் வேலை பழகி இப்ப ரொறன்ரோவில் மின்வேலை செய்கிறேன். இங்கே வீடுகளில் ஒற்றைக் கம்பி செம்பு வயர்தான். திருகுமூடி போட்டு முறுக்குவோம், எல்லாரும் அதை மாரெட் என்றுதான் சொல்வார்கள். உள்ளே கூம்பு மாதிரி ஸ்பிரிங் இருக்கும். எத்தனை வயர், எந்தத் தடிப்பு என்பதற்கு நிறம் மாறும். நிறம் பிழையானால் எல்லாம் பிழையாகிவிடும். லைற்றிலிருந்து வருகிற மெல்லிய இழை வயரை ஒற்றைக் கம்பியோடு சேர்க்கும்போது இழை வயரின் நுனியை கொஞ்சம் முன்னுக்கு விட்டுத் திருக வேண்டும், இல்லாவிட்டால் கம்பி மட்டும் இறுகி இழை வழுகிவிடும். ரேப் (டேப்) சுற்றினால் ஒழுங்காகத் திருகவில்லை என்று அர்த்தம், எங்கட போர்மன் அவிழ்த்துப் பார்ப்பார்.

தங்கச்சி, உங்கள் ஊர் இழை வயருக்கு இந்த மூடியை நான் சொல்ல மாட்டேன். நான் எழுத வந்தது அலுமினியம் பற்றி. அறுபதுகளின் நடுவில் இருந்து எழுபதுகளின் கடைசி வரை இங்கே கட்டின வீடுகள் கனக்க அலுமினிய வயர். வீடு வாங்கப் போனால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஒட்சைட் படியும், அது மின் கடத்தாது. சூட்டில் செம்பைவிடக் கூட விரியும், திருகாணிக்குக் கீழ் நசியும். அதையும் செம்பையும் சும்மா சேர்த்துத் திருகினால் நெருப்புக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. இரண்டுக்கும் என்று எழுதியுள்ள கனெக்ரர் மட்டும்தான் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஃபியூஸ் | திங்கள், காலை 6.10

ரொறன்ரோ தம்பி நல்ல நேரத்தில் சொன்னார். நம் பக்கமும் எழுபது, எண்பதுகளில் செம்பு கிடைக்காமல் அலுமினிய வயர் ஓட்டிய வீடுகள் உண்டு. நானே ஓட்டியிருக்கிறேன். பழைய வீட்டில் டேப்பைப் பிரித்து வெள்ளையாக மின்னினால் நில்லுங்கள். ஆனால் வெள்ளை எல்லாம் அலுமினியம் அல்ல. பழைய ரப்பர் வயரில் செம்புக்கு ஈயமுலாம் பூசியிருப்பார்கள். கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே சிவப்பு தெரிந்தால் செம்பு. மெயினை இறக்கிவிட்டு!

பத்து ஏக்கர் | திங்கள், காலை 7.30

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். லீவர் கனெக்டரை போர் மோட்டார் கேபிளுக்குப் போட்டேன் என்று ஒரு பையன் எங்களூரில் பெருமையடித்தான். இரண்டாம் நாள் மோட்டார் மேலே வந்தது.

தண்ணீருக்குள் போகிற ஜாயிண்ட் தனிக் கலை. தட்டைக் கேபிளில் மூன்று கோர் இருக்கும். மூன்றையும் ஒரே நீளத்தில் வெட்டக்கூடாது, படிப்படியாக வெட்ட வேண்டும். அப்போதுதான் மூன்று ஒட்டும் ஒரே இடத்தில் முட்டாது. செம்புக் குழல் போட்டு நசுக்கி, அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து, பாதிக்குப் பாதி மேல்விழும்படி சுற்றணும். அதுக்கு மேலே சாதா டேப். எங்கள் மெக்கானிக் ஜாயிண்ட்டை இரவு முழுக்க ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பார். முள் இறங்கினால் அவிழ்த்துவிட்டு மறுபடி. நானூறு அடியில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுகிற கூலிக்கு ஒரு ராத்திரி வாளி மலிவு.

வீட்டுத் தொட்டி மோட்டாருக்கும் இதேதான். ஒட்டை முடிந்தவரை தண்ணீருக்கு மேலே வையுங்கள். வெளிச் சுவரில் பாக்ஸ் என்றால் வயர் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைத்தால் மழை வயர் வழியாகவே உள்ளே இறங்கும்.

சும்மா வந்தவன் | திங்கள், காலை 10.00

கழற்றிவிட்டேன் அண்ணாச்சி. ஆனால் ஒரு சந்தேகம். மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்தேன், சத்தம் வந்தது. அப்படியென்றால் அந்த ஜாயிண்ட் நன்றாகத்தானே இருந்திருக்கிறது?

கிளாம்ப்மீட்டர் | திங்கள், காலை 10.40

ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும். அது தொடர்பு இருக்கிறது என்கிறதே தவிர 13 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லவில்லை. வீட்டு மீட்டரால் இவ்வளவு சின்னத் தடையை அளக்கவும் முடியாது. நடைமுறையில் செய்யக்கூடியது: கீசரை முழு லோடில் பத்து நிமிடம் ஓட விட்டு, மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகு, ஜாயிண்ட்டின் மேல் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் அது கெட்ட ஜாயிண்ட். கீசரின் 16 ஆம்பியர் பிளக் டாப்புக்கும் இதையே செய்யுங்கள். சாக்கெட்டில் பிளக் ஆடினால் அதற்கும் இதே நோய்தான்.

ஓய்வுபெற்ற ஃபியூஸ் | திங்கள், காலை 11.15

லீவர் கனெக்டர்மேல் எனக்கு ஒரு மனக்குறை. ஸ்பிரிங் ஒருமுறை சூடேறினால் பலம் போகுமே?

கிளாம்ப்மீட்டர் | திங்கள், காலை 11.50

போகும் ஐயா. சூடு கண்ட கனெக்டரைத் திரும்பப் போடக்கூடாது, எந்த வகையானாலும். ஆனால் சொன்ன அளவுக்குள் ஓட்டினால் ஸ்பிரிங்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. லோடு வந்தால் வயர் சூடாகி விரிகிறது, நின்றால் சுருங்குகிறது. திருகாணி முடுக்கிய இடத்திலேயே நிற்கும், ஸ்பிரிங் கூடவே நகரும். தினமும் இரண்டு முறை சூடாகி ஆறுகிற கீசருக்கு அது பெரிய வித்தியாசம். முதல் யோசனை மட்டும் உங்களுடையதுதான், ஒட்டே இல்லாமல் இழுப்பது.

கீரைக்கட்டு | அடுத்த ஞாயிறு, மாலை 6.20

எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது. லைசென்ஸ் உள்ள வேறொருவரை அழைத்தோம். டி.பி. பாக்ஸிலிருந்து 4 ஸ்கொயர் புதிதாக இழுத்தார். பழைய சுவிட்ச் போர்டு வரைதான் பைப்பில் போனது, அங்கிருந்து எதிர்ச் சுவர் வரை பைப் அடைத்திருந்தது. சுவரை உடைக்க மாமியார் சம்மதிக்கவில்லை. எனவே ஒரே ஒரு ஒட்டு மிஞ்சியது. அதைக் கதவுக்கு மேலே, மூடி போட்ட பாக்ஸில், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் லீவர் கனெக்டர் போட்டு வைத்தார். மூன்றையும் என் கண்முன் இழுத்துக் காட்டினார்.

கிளாம்ப்மீட்டர் சார், பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். பழைய கனெக்டரில் பதினான்கு இழை அறுந்திருந்தது, எண்ணிப் பார்த்தேன். ஆனால் எல்லோரும் பேஸ் வயர்தான் எரிந்திருக்கும் என்று நினைத்தோம். எரிந்தது நியூட்ரல்.

கிளாம்ப்மீட்டர் | அடுத்த ஞாயிறு, மாலை 6.50

ஆச்சரியமில்லை. பேஸில் போகிற அதே 13 ஆம்பியர்தான் நியூட்ரலில் திரும்புகிறது. ஆனால் நியூட்ரலை ஏனோ மாற்றாந்தாய்ப் பிள்ளையாகத்தான் முடுக்குவார்கள். உங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு என்றால் டி.பி. பாக்ஸின் மெயின் நியூட்ரலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அது விட்டுப்போனால் ஒரு பேஸில் வோல்டேஜ் இறங்கி இன்னொன்றில் 400 வரைகூட ஏறும், டி.வி., பிரிட்ஜ் எல்லாம் ஒன்றாகப் போகும்.

ஓய்வுபெற்ற ஃபியூஸ் | அடுத்த ஞாயிறு, இரவு 7.30

நல்லது அம்மணி. பாக்ஸ் மூடியில் "உள்ளே கீசர் ஜாயிண்ட்" என்று எழுதி, தேதியும் போட்டு ஒட்டுங்கள். நாளைக்கு வருகிற எலக்ட்ரீஷியன் தேட வேண்டாம்.

கீரைக்கட்டு | அடுத்த ஞாயிறு, இரவு 8.05

ஒட்டியாச்சு ஐயா. ஆயுத பூஜை வேலை நடக்கிறது, டி.பி. பாக்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு மாமியார் ஸ்டூல் போட்டு ஏறி இந்த மூடிக்கும் வைத்துவிட்டார். தேதி மறைந்துவிட்டது, நாளைக்கு வேறு இடத்தில் எழுத வேண்டும்.